பெயர்ந்த பூவும் பெயர்க்கப்பட்ட மக்களும்

திணை இலக்கணம் பயின்றவர்க்கு ஒரு பாட்டில் வரும் மரமும் பூவும் வெறும் அணிகள் ஆகா. அவை நிலத்தைக் காட்டும். நிலத்தின் வழியே அந்நிலத்து மாந்தரின் ஒழுக்கத்தையும் காட்டும். ஆதலின் ஒரு பூவைக் கண்டதும், 'இஃது எந்நிலத்துப் பூ? இங்கு ஏன் வந்தது?' என வினவுதல் தமிழ் பயின்றார்க்கு இயல்பாகிவிட்டது. இவ்வினாவைப் பாட்டுக்கு வெளியே, பிறிதொரு நாட்டின் பிறிதொரு கலையின்மீது செலுத்தினால் பயன் விளையுமா என்று பார்க்க விரும்பியதன் விளைவே இக்கட்டுரை. எடுத்துக்கொண்ட பொருள், அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டு 1991-இல் ஆக்கிய பெருந்துணிப் படைப்பு. 'ஆர்ல் நகரில் சூரியகாந்திப் போர்வை தைக்கும் கூட்டம்' என அதன் பெயரைத் தமிழாக்கலாம். செடியையும் அடிமை முறையின் எச்சத்தையும் ஒருங்கே பேசும் துணிக்கலைப் படைப்புகளுள் இது பலராலும் பாராட்டப்பெற்றது. எனினும், அதிலுள்ள பூவை எவரும் போதிய அளவு பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் குவில்ட் என வழங்கும் போர்வை மூன்றடுக்கு உடையது. மேலடுக்கு, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்தது; கீழடுக்கு முழுத்துணி; இடையில் பஞ்சுப் படலம். மூன்றையும் ஊடுருவி ஓடும் தையலே அதனை ஒரு பொருளாக்குகின்றது. பழஞ்சேலைகளை மடித்தடுக்கி நெடுந்தையலிட்டு நம் வீட்டு முதியோர் செய்யும் விரிப்பை அறிந்தவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை. அமெரிக்கத் தென்மாநிலப் பண்ணைகளில் அடிமைப் பெண்டிர் இத்தகைய போர்வைகளைப் பண்ணையார் மாளிகைக்கும் தைத்தனர். தம் குடிசைக்கும் தைத்தனர். ரிங்கோல்டின் பாட்டிக்குப் பாட்டியான சூசி ஷானன் அவ்வாறு தைத்த அடிமைப் பெண் என்பது அக்குடும்பத்தில் வழிவழியாக வரும் செய்தி.

1930-இல் நியூயார்க்கு நகரின் ஹார்லம் பகுதியில் பிறந்து 2024-இல் மறைந்த ரிங்கோல்டு, முறையாக ஓவியம் கற்றவர். 1972-இல் ஆம்சுடர்டாம் அருங்காட்சியகத்தில் திபெத்தியத் துணிச்சுருள் ஓவியங்களைக் கண்டபின், மரச்சட்டத்தை விடுத்துத் துணியால் விளிம்பு கட்டலானார். சுருட்டிக் கையில் எடுத்துச் செல்லும் ஓவியம் அவருக்கு வேண்டியிருந்தது. அவ்விளிம்புகளைத் தைத்துக் கொடுத்தவர் ஆடை வடிவமைப்பாளராகிய அவர்தம் தாயார் வில்லி போசி. தாயும் மகளும் சேர்ந்து 1980-இல் முதற் போர்வையைச் செய்தனர். தம் வாழ்க்கை வரலாற்று நூலை வெளியிடுவார் ஒருவரும் கிடைக்காத நிலையில், 1983 முதல் போர்வையின்மீதே கதை எழுதலானார் மகள். ஏடு மறுத்ததைத் துணி ஏற்றது. அவ்வழியில் வந்ததே 1991-இல் தொடங்கிய 'பிரெஞ்சுத் தொகுதி' என்னும் பன்னிரு போர்வை வரிசை. ஆர்ல் போர்வை அவ்வரிசையின் தொடக்கப் பகுதியைச் சார்ந்தது.

போர்வை ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அகலமும் உடையது. நடுவில் ஓவியம், சுற்றிலும் துண்டுத் துணி விளிம்பு, மேலும் கீழும் கையெழுத்தாலான கதை. ஓவியத்தில் பிரான்சு நாட்டின் தென்பகுதியாகிய ஆர்ல் நகர்ப்புறத்துச் சூரியகாந்தி வயல். பின்னே நகரின் வீடுகள். வயலிடையே கறுப்பினப் பெண்டிர் ஒரு பெரிய போர்வையை விரித்துப் பிடித்துள்ளனர், அதிலும் சூரியகாந்திகள். ஒருபுறம் ஓவியர் வான் கோ ஒரு சாடி நிறையச் சூரியகாந்திப் பூக்களுடன் நிற்கின்றார். பெண்டிருள் எண்மர் வரலாற்று மாந்தர்: ஹாரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத், ஐடா வெல்சு, மேடம் வாக்கர், மேரி பெத்யூன், ரோசா பார்க்சு, எல்லா பேக்கர், ஃபேனி லூ ஹேமர். ஒன்பதாமவள் வில்லியா மேரி, ஓவியம் கற்கப் பாரிசு நகரம் வந்த இளம்பெண், ரிங்கோல்டின் கற்பனை. வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த இவ்வெண்மரும் ஓரிடத்தில் கூடியிருக்க இயலாது. வான் கோ ஆர்லில் சூரியகாந்திகளைத் தீட்டிய 1888-இல் பார்க்சும் ஹேமரும் பேக்கரும் பிறக்கவே இல்லை. இக்கால வழுவைப் படைப்பாளர் மறைக்க முயலவில்லை.

இப்படைப்பை, ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் இடம்பெறாத கறுப்பினப் பெண்டிர் அவ்வரலாற்றினுள் புகுந்து இடம் கேட்கும் செயலாக விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் தவறன்று, பிரெஞ்சுத் தொகுதி முழுமைக்கும் அது பொருந்தும். ஆயினும் அது வான் கோவை நடுவில் வைத்துப் பெண்டிரை அவரைச் சுற்றி நிறுத்துகின்றது. வாயிற்கதவு அவருடையது, தட்டுவோர் இவர்கள் என்றாகிவிடுகின்றது. படைப்பில் நாம் காண்பது வேறு. அமர்ந்திருப்போர் பெண்டிர்; ஓரத்தில் நிற்பவர் வான் கோ. வேலை நடப்பது பெண்டிர் கையில்.

இனி, அக்கைகளைப் பார்ப்போம். இவ்வெண்மரையும் உரிமைப் போராளிகள் என்ற ஒரே காரணத்தால் ரிங்கோல்டு தேர்ந்தார் என்பர். அவர்தம் வாழ்க்கையை ஒருங்கு வைத்து நோக்கின் வேறொரு தொடர்பும் புலப்படுகின்றது. ஏறத்தாழ 1797-இல் பிறந்த சோஜர்னர் ட்ரூத், 1826-இல் தம்மை உடையவனை விட்டு நீங்குமுன், அவனுக்குத் தாம் பட்ட கடன் இதுவெனக் கருதி 100 இராத்தல் அளவு கம்பளி நூற்று முடித்தவர். டப்மன் மேரிலாந்து வயல்களில் உழைத்தவர்; துணிநார் தரும் ஆளிச்செடியை அடித்து நார் பிரிக்கும் வேலையும் செய்தவர். வாக்கர் 1867-இல் லூசியானா மாநிலத்துப் பருத்திப் பண்ணை ஒன்றில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் அடிமைகளாய் இருந்தவர். பெருஞ்செல்வர் ஆகுமுன் அவர் பல்லாண்டுகள் பிறர் துணி வெளுத்து வாழ்ந்தார். பெத்யூன் 1875-இல் தென் கரோலினாவில் பிறந்து சிறுமியாகவே பருத்தி எடுத்தவர். ஹேமர் ஆறு வயதில் மிசிசிப்பிப் பருத்தி வயலில் இறங்கினார். 1962-இல் வாக்காளர் பட்டியலிற் பெயர் சேர்க்கச் சென்ற குற்றத்துக்காகப் பண்ணையினின்று துரத்தப்பட்டார். 1955-இல் பேருந்தில் எழ மறுத்த பார்க்சு, மாண்ட்காமரி நகரப் பெருங்கடை ஒன்றின் தையற்காரி. எஞ்சியோருள் ஐடா வெல்சு 1862-இல் அடிமையாகப் பிறந்து இதழாசிரியர் ஆனவர். எல்லா பேக்கர் அடிமையாயிருந்த பாட்டியின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். இவ்விருவர் கருவி எழுத்தும் கூட்டமும். ஏனைய அறுவரும் நார், நூல், பருத்தி, வெளுப்பு, தையல் எனத் துணியின் ஒவ்வொரு படியிலும் நின்றவர்கள். இவர்கள் பிடித்திருக்கும் போர்வை இவர்கள் தொட்ட முதற்றுணி அன்று. பிறர்க்காகத் துணியுழைப்பில் தேய்ந்த கைகள் தமக்காகத் தைப்பதுதான் இங்கு நிகழ்கின்றது. ரிங்கோல்டு இதனை எண்ணியே தேர்ந்தாரா என்ற வினாவுக்கு விடை வேண்டுவதில்லை. படைப்பில் இருப்பது படைப்பின் பொருளே.

வயல் என்னும் இடமும் இவ்வாறே நோக்கத்தக்கது. இப்பெண்டிர்க்கும் இவர்தம் முன்னோர்க்கும் வயல் என்றால் பருத்தி வயல். 1793-இல் எலி விட்னி பருத்திக் கொட்டை நீக்கும் பொறியை அமைத்தபின் அச்செடி அமெரிக்கத் தெற்கை விழுங்கியது. 1790-இல் ஏறத்தாழ 7 இலட்சமாயிருந்த அடிமைகள் தொகை 1860-இல் 40 இலட்சத்தை நெருங்கியது. ஒரு செடியின் பெருக்கமும் ஓர் இனத்தின் தளையும் இவ்வளவு இறுகப் பின்னிக் கிடந்தமைக்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை. கரும்பு ஒன்றே இதற்கு இணையாகும். அத்தகைய பருத்தி இவ்வோவியத்தில் எங்கும் வரையப்படவில்லை. வரையப்படாமையே அதன் இருப்பு. பருத்தியை அறிந்த எண்மரை வயலில் அமர்த்திவிட்டு, அவ்வயலில் பருத்தியை நீக்கிச் சூரியகாந்தியை வைத்தமையே இப்படைப்பின் முதன்மையான செயல் என்பேன். குனிந்து எடுக்க வேண்டாத பூ. ஆளுயரம் நின்று முகத்துக்கு நேரே முகம் காட்டும் பூ. இவர்களுள் எவரையும் எடை போட்டு வருத்தாத பூ.

இங்குத்தான் 'இஃது எந்நிலத்துப் பூ?' என்னும் வினா வேலை செய்கின்றது. சூரியகாந்தி ஆர்லுக்கு உரியதன்று, ஐரோப்பாவுக்கே உரியதன்று. அது வட அமெரிக்கச் செடி. வெள்ளையர் அங்குக் கால் வைப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்னரே அம்மண்ணின் பழங்குடியினர் அதனைப் பயிராக்கி விதையை உண்டனர். 16ஆம் நூற்றாண்டில் இசுபானியர் வழியாக அது கடல் கடந்தது. ஆக, வான் கோவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அப்பூ, அமெரிக்காவினின்று வந்து குடியேறியது. அமெரிக்கப் பெண்டிர் எண்மர் ஆர்லுக்கு வந்து காண்பது தம் நாட்டுப் பூவையே.

தம் நாடு என்றேன். அச்சொல் இங்கு எளிதன்று. அப்பெண்டிரின் முன்னோர் ஆப்பிரிக்கர். அமெரிக்கா அவர்கள் விரும்பிப் புகுந்த நாடு அன்று. பூ அமெரிக்காவினின்று கிழக்கு நோக்கிச் சென்றது; மக்கள் ஆப்பிரிக்காவினின்று மேற்கு நோக்கிக் கொண்டுபோகப்பட்டனர். ஒரே கடல், ஏறத்தாழ ஒரே காலம். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் பிற நிலத்தில் வந்தால், வந்த நிலத்தின் பொருளாகவே அவற்றைக் கொள்ளவேண்டும் எனத் தொல்காப்பியம் அகத்திணையியலில் ஒரு விதி கூறுகின்றது. உரையாசிரியர் அதனைப் பாட்டின் வழுவமைதியாகவே கொண்டனர். ஆயினும் அவ்விதியில் அடங்கிய பெருந்தன்மை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. எங்கிருந்து வந்தாய் என்று பூவை அது கேட்பதில்லை. ஐரோப்பா சூரியகாந்திக்கு இவ்விதியைப் பொருத்திற்று. முந்நூறு ஆண்டுகளில் அப்பூ பிரெஞ்சு மண்ணின் பூவாயிற்று; பிரெஞ்சு வெயிலின் குறியாகவே ஆயிற்று. அதே முந்நூறு ஆண்டுகள் அமெரிக்க மண்ணில் உழைத்த மக்களுக்கு அவ்விதி பொருத்தப்படவில்லை. பூவுக்குக் கிடைத்த குடியுரிமை மக்களுக்குக் கிடைக்கவில்லை. ஹேமர் 1962-இல் கேட்டது அதனையே.

கொய்த பூவுக்கும் நின்ற பூவுக்கும் உள்ள வேறுபாடும் இங்குக் கருதத்தக்கது. வான் கோ கையிலிருப்பவை வேரறுக்கப்பட்டுச் சாடியில் இடப்பட்டவை. அவர்தம் புகழ்பெற்ற ஓவியங்களிலும் அவை அவ்வாறே உள்ளன. பெண்டிரைச் சூழ நிற்பவையோ வேரோடு நிற்பவை. அவர்கள் தைக்கும் போர்வையில் உள்ளவை மூன்றாம் வகை. வேரும் இல்லை, வாடுதலும் இல்லை. வேரறுப்பின் பொருளைத் தம் உடலால் அறிந்த மரபினர், கொய்யப்பட்ட பூவை ஏந்தி நிற்பவரைக் கண்டு ஐயுறுதல் இயல்பே.

அந்த ஐயத்தைக் கதை வெளிப்படையாகக் கூறுகின்றது. அமெரிக்கச் சூரியகாந்திப் போர்வையாளர் சங்கம் என்றொரு கற்பனைச் சங்கத்தார், உலகெங்கும் உள்ள சூரியகாந்தி வயல்களில் கூடித் தைத்து விடுதலைக் கொள்கையைப் பரப்ப வந்துள்ளனர். வான் கோவைக் கண்டதும் அவர் டச்சு நாட்டவர் என்பது பெண்டிரை உறுத்துகின்றது. டச்சு அடிமைக் கப்பல்கள் நினைவுக்கு வருகின்றன. இவ்விடத்தில் ட்ரூத் அமர்ந்திருப்பது கூர்மையான அமைப்பு. அவர் நியூயார்க்குப் பகுதியில் டச்சு மொழி பேசும் குடியினர்க்கு அடிமையாகப் பிறந்தவர். அவர் பேசிய முதல் மொழியே டச்சு. ஒன்பது வயதளவில் ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்கப்பட்டவர். அக்கூட்டத்தில் வான் கோவுடன் அவர் தாய்மொழியில் பேசத்தக்கவர், அம்மொழியால் விற்கப்பட்ட இவர் ஒருவரே.

டச்சுக்காரர் பெயரைக் கேட்டுத் தமிழ்க் கரையினர் வாளா இருத்தலும் இயலாது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சு வணிகக் குழுவினர் அங்கிருந்து துணிமூட்டைகளை ஏற்றினர். பஞ்சக் காலங்களில் விற்கப்பட்ட மக்களையும் ஏற்றிப் படாவியாவுக்கு அனுப்பினர். சோழமண்டலக் கரையின் துணி ஐரோப்பியர் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்கா சேர்ந்து, அங்கு மனிதரை வாங்கும் விலையாகவும் பயன்பட்டது. நம் நெசவாளர் தறியில் ஓடிய நூலின் ஒரு முனை அக்கப்பலின் அடித்தளத்தில் இருந்தது. இதனைக் கூறாமல் பிறநாட்டுக் கொடுமையாக மட்டும் இப்படைப்பை நோக்குவது நேர்மையன்று.

செடியை இவ்வாறு பயன்படுத்தும் முறையை ரிங்கோல்டு ஒரே நாளில் அடையவில்லை. 1972-இல் அவர் தொடங்கிய, அடிமைப் பெண்டிர் மீதான வன்முறை பற்றிய வரிசையில் ஆளுயரத்தினும் பெரிய துணி ஓவியங்கள் உண்டு. அவற்றில் ஆடையற்ற கறுப்பினப் பெண்டிர் அடர்ந்த இலைகளினிடையே நிற்கின்றனர், ஓடுகின்றனர், போரிட முனைகின்றனர். அங்கு இலை ஒரு மறைவிடம். பிடிபடுமுன் உள்ள கடைசி மறைவிடம். அஃது இன்ன செடி எனப் பெயரிட இயலாது; ஆப்பிரிக்கக் காடு என்னும் பொதுமையே அதற்குப் போதுமானதாயிருந்தது. ஆர்ல் போர்வையில்தான் செடிக்குப் பெயரும் ஊரும் பயண வரலாறும் வாய்க்கின்றன. காட்டினின்று வயலுக்கு வந்த இருபது ஆண்டு வளர்ச்சி இது.

இதற்கு மறுதலையாக நிற்பவை அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் சிற்றூரில் செய்யப்பட்ட போர்வைகள். ஆற்றின் வளைவுக்குள் ஒதுங்கிய அவ்வூரில் 1816-இல் ஜோசப் ஜீ என்பவர் பருத்திப் பண்ணை நிறுவினார். 1845-இல் அது மார்க் பெட்வே கைக்கு மாறியபோது, ஏறத்தாழ நூறு அடிமைகள் வட கரோலினாவினின்று நடத்தியே அழைத்துவரப்பட்டனர். அவர்தம் வழியினர் பலர் இன்றும் பெட்வே என்றே பெயர் தாங்குகின்றனர். பகலில் பருத்தி எடுத்த பெண்டிர் இரவில் கிழிந்த உழைப்புடைகளை வெட்டிப் போர்வை தைத்தனர். பருத்தி அரவை ஆலைத் தரையில் எஞ்சிய கழிவுப் பஞ்சைக் கோலால் அடித்து உள்ளே பரப்பினர். 2002-இல் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் இவற்றைக் காட்சிக்கு வைத்தபோதே வெளியுலகம் விழித்துக்கொண்டது. அவற்றுள் மிசோரி பெட்வே 1942-இல் செய்த ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்தியது. அச்சிட்ட படத்தில்தான் கண்டேன் என்பதையும் கூறிவிடுகின்றேன். இறந்த கணவனின் வேலை உடைகளை வெட்டி இணைத்தது அது. அவனை நினைத்து அதனைப் போர்த்திக்கொள்ளவே தாயார் அதைச் செய்தார் என மகள் பின்னர்க் கூறினார். வெளிறிய நீலம், பழுப்பு, சாம்பல். வெயிலும் வியர்வையும் உண்ட நிறங்கள். அதில் பூவும் இலையும் இல்லை. செடியை வரைய வேண்டிய தேவை அவருக்கு இல்லை. செடியே துணியாய், உடையாய், அவன் உழைத்த வயலின் தேய்மானமாய் அங்கு உள்ளது.

இவ்விரண்டனுள் எது உயர்ந்தது எனக் கேட்பாரும் உளர். ஜீஸ் பெண்ட் போர்வையைக் கண்டபின் ஆர்ல் போர்வை சற்றே வாய்மிகுந்ததாகத் தோன்றுகின்றது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். அதன் கதைப்பகுதியில் ஒவ்வொரு பெண்ணும் பள்ளிப் பாடநூலிற்போல இன்னார், இன்னது செய்தார் என அறிமுகப்படுத்தப்படுகின்றனர். ஓவியத்தில் தோளோடு தோள் உரசி அமர்ந்தவர்கள் எழுத்தில் தனித்தனிக் குறிப்புகளாகப் பிரிந்துவிடுகின்றனர். வயலிலுள்ள பூவும் போர்வையிலுள்ள பூவும் ஒரே முகம் காட்டுவதால், தைப்பவர் கை அப்பூவை என்ன செய்தது என்பதும் போதிய அளவு புலனாகவில்லை. எனினும் இப்பெண்டிரின் பெயர்கள் பாடநூலில் இடம்பெறாத காலம் நெடிது இருந்தது. பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்னும் பதற்றம் கலைக்குக் குறையாயினும் காரணமற்றதன்று.

ஒன்று விலக்கத்தக்கது. தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்டும் குறிகள் போர்வைகளில் மறைத்துத் தைக்கப்பட்டன என 1999-இல் வெளிவந்த நூலொன்று பரப்பிய செய்தி, டப்மன் பெயரோடும் இணைத்துப் பேசப்படுகின்றது. வரலாற்றறிஞர் பெரும்பாலோர் அதனை ஏற்பதில்லை. அக்காலச் சான்று எதுவும் அதற்கு இல்லை. அழகிய கதை என்பதற்காக அதனைக் கொண்டு ரிங்கோல்டின் சூரியகாந்திகளில் மறைகுறி தேடுதல் வேண்டா. அவர் மறைத்து எழுதியவர் அல்லர். துணியின்மீதே வெளிப்பட எழுதியவர்.

கதையின் பிற்பகுதிக்கு வருவோம். பெண்டிர் ஐயுற்ற அந்த டச்சுக்காரர் விரட்டப்படவில்லை. தம்முள் அடங்கி அமைதியுற்று, வயலிலுள்ள சூரியகாந்திகளுள் ஒன்றேபோலத் தோற்றம் கொள்கின்றார் எனக் கதை கூறுகின்றது. வரலாற்று வான் கோவும் ஆர்லுக்கு அயலாரே. 1889-இல் அவ்வூரார் சிலர் அவரை அடைத்து வைக்குமாறு அதிகாரிகளுக்கு விண்ணப்பம் எழுதினர். அவ்வூர் அவருக்குத் தர மறுத்த இடத்தை, வந்த நிலத்தின் பூவாகவே கொள்ளப்படும் அவ்விடத்தை, எங்கும் அவ்விடம் பெறாத பெண்டிர் எண்மரின் வயல் தருகின்றது. ஓவியத்தில் மட்டும் அவர் இன்னும் ஓரத்திலேயே நிற்கின்றார். கொய்த பூச்சாடி கையில் அப்படியே இருக்கின்றது.